உச்சந்தலைக்கு நான்கெல்லை

என் தலையில், வகிட்டுக்கு இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. அம்மா முதலில் பார்த்த அன்றைக்கே "புழுவெட்டு" என்று சொல்லிவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. புழுவாவது வெட்டாவது! அத்தனையையும் பிடுங்கியது என் இடது கைதான். உண்மையைச் சொன்னால் முதுகில் விழும், புழுவெட்டு என்றால் வைத்தியம் நடக்கும். எது தேவலை என்று பன்னிரண்டு வயதுக்காரிக்குத் தெரியாதா?

வைத்தியம் என்றால் லேசுப்பட்டதல்ல. சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கு உடம்பில் எது வந்தாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். அம்மா அதைக் குழைத்து உச்சியில் அப்புவாள். மண் காய்ந்ததும் அரிக்கும். அரித்தால் கை போகும், போன கை சும்மா திரும்பாது. மண்ணுக்குப் பிறகு சின்ன வெங்காயம். அரைத்துத் தேய்த்தால் எரியும், எரிந்தாலும் கை போகும். கடைசியில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார்கள். பிடுங்க ஒன்றும் இல்லாததால் ஆறு மாதம் நான் பிடுங்கவில்லை. முடி ஒரே சீராக முளைத்தது. அம்மா ஆனந்தப்பட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மன் மகிமையைச் சொன்னாள். விரலுக்குப் பிடிபடும் நீளம் வந்த அன்றைக்கே என் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அம்மா மறுபடியும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெயர் சண்முகசுந்தரி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறேன். வாசுதேவநல்லூர் இசக்கிராஜாவுக்கு என்னைப் பேசி முடித்தார்கள். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். ஆடி கழிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூ வைக்க வருவதாகப் பேச்சு. பூ வைப்பது என்றால் மாப்பிள்ளை வரமாட்டார். அவருடைய அக்காள் வந்து, தன் கையால் என் கூந்தலை ஒதுக்கி, பூவைச் செருகி, ஊக்கு மாட்டுவாள். அதோடு சம்பந்தம் உறுதி.

கூந்தலை ஒதுக்கி. எனக்கும் அம்மாவுக்கும் அந்த இடம்தான் இடித்தது.

அதனால் ஆடி பிறந்ததும் அம்மா என்னை ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "புழுவெட்டுன்னா அந்த இடம் வழவழன்னு இருக்கும். இங்க ஒரு முடி நீளம், ஒரு முடி குட்டை, பாதியில முறிஞ்சது நிறைய. நீங்களே பிடுங்குதீங்களாம்மா?" என்று கேட்டார். பதினைந்து வருடத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் மனுசர் அவர். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "எம் மகளுக்குப் பைத்தியம்ங்கீயளா?" என்று கத்தினாள். அவர் பதறாமல், வியாழக்கிழமைகளில் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல ஆலோசகரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா சீட்டைக் கசக்கித் தெருவில் போட்டாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. பிடுங்குகிற மகளிடம் அப்படி என்ன ஆத்திரம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆலோசகரின் பெயர் நஸ்ரின் பானு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாவகாசமாக, "இதுக்கு ட்ரைக்கோட்டிலோமேனியான்னு பேரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முடியைப் பிடுங்குவதற்கு இத்தனை நீளப் பெயரா? சிரித்துக்கொண்டே அழுதேன். பெயர் இருக்கிறது என்றால் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கு. வெளிய சொல்லமாட்டாங்க. இது பைத்தியமும் இல்ல, நீங்க திமிருக்குச் செய்யறதும் இல்ல. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்ல மேடம்."

"சரி. இந்த ஒரு வாரம் நிறுத்தவே முயற்சி பண்ணாதீங்க. எப்ப, எங்க, எந்தக் கை, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, இதை மட்டும் எழுதிட்டு வாங்க."

நிறுத்தாதே என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வந்தபோது என் கையைப் பற்றியே எனக்கு ஆவலாக இருந்தது. இதை உளவு பார்த்தால் என்னதான் சிக்கும்?

நிறையச் சிக்கியது. கவலை வந்தால்தான் பிடுங்குகிறேன் என்று நான் நம்பியிருந்தேன். அது பொய். கவலையான நேரத்தில் கொஞ்சம்தான். சும்மா இருக்கும்போது, குறிப்பாகப் பத்திர நகலைப் படித்துப் பிழை பார்க்கும்போது, அதிகம். டைப் அடிக்கும்போது ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் இரண்டு கைக்கும் வேலை. பிழை பார்க்கையில் வலது கை மவுஸில் இருக்கும், இடது கை நாதியற்றுக் கிடக்கும். அது முதலில் தடவும். ஆயிரம் முடியைத் தடவி, கம்பி போல முரட்டு முடி ஒன்றைத் தேடும். கண்டுபிடித்துவிட்டால் உடம்பின் கவனமெல்லாம் அந்த ஒற்றை முடியில் போய் நிற்கும். வெடுக்கென்று வந்தபின் ஒரு நிம்மதி, கண் மூடித் திறப்பதற்குள் அதுவும் போய்விடும். பிறகு அதன் வேரை வெளிச்சத்தில் பார்ப்பேன், உதட்டில் வைத்து உரசுவேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் இதுவரை என்னைப் பற்றி நானே இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.

முக்கியமான துப்பு ஐந்தாம் நாள் கிடைத்தது. கை தலைக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் என் இடது முழங்கை மேசையில் ஊன்றியிருந்தது. எல்லாம் அந்த முழங்கையில்தான் தொடங்குகிறது. நான் பதினைந்து வருடமாக விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறிப்புகளை நோட்டில் எழுதியிருக்க வேண்டும். கடையில் நோட்டை எடுத்தால் அண்ணாச்சி கேட்பாரே என்று, கம்ப்யூட்டரில் நடந்துகொண்டிருந்த பத்திரத்துக்கு அடியிலேயே டைப் அடித்துவைத்தேன், பிறகு அழித்துவிடலாம் என்று. நாளெல்லாம் நிலத்துக்கு எல்லை எழுதுகிறவள் புத்தி எங்கே போகும்? குறிப்பையும் பத்திர நடையிலேயே எழுதினேன். அழிக்க மறந்துபோனேன்.

மறுநாள் குருவிகுளத்துப் பக்கத்திலிருந்து நிலம் விற்க வந்த பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நகலை வாசித்துக் காட்டுவது அண்ணாச்சியின் வழக்கம். கணீரென்று வாசித்துக்கொண்டு வந்தார்.

"கிழக்கே வகிடு. மேற்கே இடது காது. வடக்கே நெற்றி. தெற்கே பிடரி. இந்நான்கெல்லைக்குட்பட்ட உள்ளங்கை அகலமுள்ள பூமி, தற்சமயம் பயிர் ஏதும் இல்லாமல் தரிசாக..."

அண்ணாச்சி நிறுத்தினார். பெரியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணாச்சி, நம்ம நிலத்துக்கு மேக்கால வண்டிப் பாதைதான வரும்? காது எங்கன வந்துச்சு?"

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி அவரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். பிறகு மீதித் தாளை மௌனமாகப் படித்தார். முழங்கை, முரட்டு முடி, உதடு, எல்லாம் அதில் இருந்தது.

"இது யாரு தலைம்மா?"

"என் தலை அண்ணாச்சி." சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "முழங்கைய ஊனுனாத்தான் வருதுன்னு எழுதிருக்க. அப்பம் ஊனாம இருக்க வழி பாக்கணும். இனிமே பிழை பாக்கையில எந்திச்சு நின்னு, ரெண்டு கையாலயும் தாளைப் பிடிச்சுச் சத்தமா வாசி. எனக்கும் காதுல விழும். இந்த மாதிரிக் கூத்தும் நடக்காது" என்றார். அவ்வளவுதான். அடுத்த பார்ட்டியைக் கூப்பிட்டார்.

தெரிந்தவர் ஒருவரிடம் சொன்னேன், தலையில் இடி விழவில்லை. இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

நஸ்ரின் மேடத்துக்கும் நின்று வாசிக்கும் யோசனை பிடித்துப்போனது. கூடவே, தேட ஆசை வரும்போது கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருக்கப் பழக்கினார். வீட்டில் டிவி பார்க்கும்போது பிடுங்குகிற இரண்டு விரல் நுனியிலும் டேப் ஒட்டிக்கொண்டேன், முரட்டு முடியின் முரடு தெரியாமல் போகட்டும் என்று. எல்லா நாளும் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் போனது. ஆத்திரத்தில் டேப்பைக் கிழித்து எறிந்தேன். "அன்னைக்கு என்ன வித்தியாசம்னு பாத்தீங்களா?" என்றுதான் மேடம் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. நாலு வாரத்தில் என் தரிசில் குட்டையாகக் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. ஆனால் ஆவணிக்குள் கூந்தலாகிவிடாது.

பூ வைக்க இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்தாள். எண்ணெயில் மை குழைத்து வெறும் தோலில் தொட்டுத் தொட்டு வைத்தாள். சவுரிமுடியை அடியில் கொடுத்து ஊக்கைக் குறுக்காக மாட்டினாள். "நேரா மாட்டுனா இழுபட்டு வந்துரும். குறுக்க போட்டாத்தான் பஸ் காத்துக்கும் அசையாது" என்றாள்.

பதினைந்து வருடமாக மறைக்கிறவள் நான். எனக்கு இந்த வித்தை தெரியாது. ஒரு மாதமாகக் கையை உளவு பார்த்துப் பழகிய கண் அம்மா பக்கம் திரும்பியது. டிவி பார்க்கும்போது அவள் வலது கை எங்கே இருக்கும்? பிடரியில், கொண்டைக்கு அடியில். எந்நேரமும். நான் எழுந்து அவள் கொண்டையைத் தொட்டேன். உள்ளே கட்டியாக, பந்து போல இருந்தது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பம் இருந்தும்மா?"

"எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. தெரிய விட்டதும் இல்ல. முப்பது வருசம்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் தலையில மொதல்ல அந்த எடத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்டி. புழுவெட்டா இருக்கட்டும், புழுவெட்டா இருக்கட்டும்னுதான் அம்மன்கிட்ட கெஞ்சுனேன். நீயும் என்னைய மாதிரியே மறைச்சுக்கிட்டு இருந்துரு தாயி. ஒண்ணும் ஆகாது."

தெரிந்துகொண்டே வெங்காயம் தேய்த்திருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றை மட்டும் நிச்சயம் செய்துகொண்டேன். முப்பது வருடம் என்னால் முடியாது. கட்டுகிறவருக்கும் அவர் வீட்டுக்கும் தெரிந்து நடந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். அம்மாவின் விஷயத்தை மட்டும் யாரிடமும் வாய்விடக்கூடாது, அது அவளுடையது.

பூ வைக்கும் நாள் காலையில் வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் பதினைந்து பேர் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில். உள்ளறையில் நானும் அம்மாவும், மாப்பிள்ளையின் அம்மாவும், பூவோடு மாப்பிள்ளையின் அக்காள் சுமதி மதினியும், இன்னும் இரண்டு பெண்களும். சவுரி வைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாரிப் பின்னி மட்டும் இருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே நின்றாள்.

சுமதி மதினி கை நீட்டியதும் சொன்னேன்.

"மதினி, ஒரு நிமிசம். உச்சியில இடப்பக்கம் முடி இருக்காது. தொத்து நோய் இல்ல. நானே பிடுங்குதேன். அப்படி ஒரு கோளாறு. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன், கொறஞ்சிருக்கு. முழுசா நிக்குமான்னு தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு வையுங்க."

சுமதி மதினி பூவைத் தட்டில் வைத்துவிட்டு, குனிந்து, என் தலையை நன்றாகப் பார்த்தாள். அருவருப்பாகப் பார்க்கவில்லை, தெரிந்துகொள்ளப் பார்த்தாள். "எந்தக் கைட்டி?" என்று கேட்டாள். இடது கையைக் காட்டினேன். அதையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்த் தம்பியிடம் பேசினாள். எனக்கு அந்த இரண்டு நிமிடம் நகரவில்லை.

திரும்பி வந்து, "வலிக்குமான்னு கேக்கான்" என்றாள்.

"வலிச்சா விட்டிருப்பேனே மதினி. வலிக்காது, அதுதான் சங்கடம்."

அதையும் போனில் சொன்னாள். "சரி, பூ வையின்னுட்டான்" என்று தட்டை எடுத்தாள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டித் தடுத்தார். கோபமாக இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை.

"கொஞ்சம் பொறு. இது வம்சத்துல வருததா? நாளைக்கு எம் பேரப்புள்ளைக்கு வருமா? ஒங்க வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். பொய்யே வேண்டாம் என்றுதானே இத்தனையும் செய்தேன்? "இல்ல அத்தை. எனக்கு மட்டுந்தான்" என்றேன்.

"இருக்கு," என்றாள் அம்மா.

ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சவுரிப் பந்து அவள் கையில் வந்தது. பிடரியிலிருந்து நடுமண்டை வரை வெறும் தோல், சுற்றிலும் தோள்வரை நரைத்த முடி. பட்டப்பகல் வெளிச்சத்தில் என் அம்மாவின் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு. எனக்கு வைத்தியம் இருக்குன்னு தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ புள்ளைக்கு வந்தா என்ன செய்யணும்னும் தெரியும். என்னைய மாதிரி வெங்காயம் தேய்க்க மாட்டா" என்றாள்.

அப்போதுதான் அறை வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தோம். நல்ல நேரம் முடிவதற்குள் பூ வைக்கச் சொல்ல வந்திருக்கிறார். அம்மா சவுரியைப் பின்னால் மறைத்தாள். மறைத்து என்ன பயன், தலை திறந்து கிடக்கிறது.

அப்பாவுக்கு விசைத்தறியில் முப்பத்தைந்து வருட வேலை. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர், மெதுவாகப் பேச வராது.

"இதுக்கா ரெண்டு பேரும் முழிக்கிய? எனக்குத் தெரியுமே!" என்றார். முன்னறையில் இருந்த ஆண்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். "தெனமும் பாயைச் சுருட்டுதது யாரு? நாந்தான? எம்புட்டு முடி கெடக்கும்! பெருக்கிப் போட்டுட்டுத்தான வேலைக்குப் போவேன்."

மாப்பிள்ளையின் அம்மா அம்மாவின் தலையையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வையிட்டி சுமதி" என்றார். பூ என் பின்னலில் ஏறியது. ஊக்கு மாட்டுகிற கை என் உச்சியில் ஒரு நொடி பட்டு, பட்டபடியே இருந்துவிட்டு எடுத்தது.

ஆனால் அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் அழுவாள் என்று தோன்றியது. அவளுக்கு வந்தது கோபம்.

"முப்பது வருசமா தெரியுமா?"

"சொன்னா நீ சங்கடப்படுவன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாய்யா? ஒருநாளாச்சும் கொண்டைய அவுத்துப் போட்டு ஒறங்கிருப்பேனே!"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு, என் நினைவில் முதன்முறையாக, சத்தமே இல்லாமல் அதை மூடிக்கொண்டார்.